மிஷின் நின்றுபோனவர் தேடி வரும் பக்கம் – கடிதம்

அன்புள்ள மேடம்,

வணக்கம். திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் 22 வருடமாக மிஷின் மெக்கானிக்காக இருக்கிறேன். சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் என்று மூன்று வகைத் தையல் மிஷினும் பார்ப்பேன். பத்திரப் பதிவு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்துத்தான் போன வருடம் அவிநாசி பக்கம் இரண்டரை சென்ட் இடம் கிரயம் செய்தேன். அந்த நன்றியோடு ஒரு சந்தேகம் கேட்கிறேன்.

தையல் மிஷின் கோளாறுகள் பற்றி இரண்டு வருடமாக ஓர் இலவச வலைப்பூவில் எழுதுகிறேன். 34 பதிவுகள் ஆகிவிட்டன. ஒரு நாளைக்கு இருபது முப்பது பேர் வருகிறார்கள். "ரீல்ஸ் போட்டால்தான் காசு" என்கிறான் என் மகன். ஒரு சமூக ஊடகத்தில் எட்டு மாதம் இருந்து பார்த்தேன். வேலை முடிந்து வந்து ராத்திரி ஒரு மணி வரை கமெண்டுக்குப் பதில் எழுதினேன். நான் எடுத்த படங்களை வேறு ஆட்கள் தங்கள் பெயரில் போட்டார்கள். நான் போட்டதை மூன்றாம் நாள் தேடினால் எனக்கே கிடைப்பதில்லை. வீட்டில் சண்டை வந்த பிறகு விட்டுவிட்டேன். மறுபடி அதற்குள் போக விருப்பமில்லை.

வலைப்பூவில் கூகுள் விளம்பரம் போட விண்ணப்பித்தேன். உள்ளடக்கம் போதாது என்று மறுத்துவிட்டார்கள். பேஸிவ் இன்கம், தூங்கும்போதும் பணம் வரும் என்கிறார்களே, வலைப்பூவை மட்டும் வைத்து அப்படி ஏதாவது வருமா? மாதம் ஐயாயிரம் வந்தால்கூட மகளின் காலேஜ் பஸ் செலவுக்கு ஆகும். உண்மையைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருப்பூர்

*

அன்புள்ள நண்பருக்கு,

இடம் வாங்கிய செய்தி எனக்கு நிஜமாகவே பெரிய சந்தோஷம். நான் எழுதியதை வைத்து ஒருவர் பதிவு அலுவலகம் வரை போய்க் காரியத்தை முடித்தார் என்று கேட்பதற்கு ஈடாக ஒன்றும் இல்லை.

உங்கள் கேள்விக்கு நேரடியாகவே வருகிறேன். சமூக ஊடகம் இல்லாமல் வலைப்பூவில் வருமானம் வரும். எனக்கு வருகிறது. ஆனால் தூங்கும்போது வரும் பணம் என்று சொல்வதை நம்பாதீர்கள். நீங்கள் படித்த அந்தக் கட்டுரையையே எடுத்துக்கொள்வோம். 2014-இல் எழுதினேன். அப்போது முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம், ஆக மொத்தம் 8. 2017 ஜூனில், அரசு நிலத்துக்கு வைக்கும் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்துவிட்டுப் பதிவுக் கட்டணத்தை 4 சதவீதமாக ஏற்றினார்கள். என் கட்டுரை ஒரே நாளில் தவறான கட்டுரையாகிவிட்டது. அன்று இரவு உட்கார்ந்து கணக்கு உதாரணங்கள் எல்லாவற்றையும் மாற்றினேன். 2023 ஜூலையில் கட்டணம் 2 சதவீதமானது. மறுபடி மாற்றினேன். 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்று வந்தது. அதையும் சேர்த்தேன். இந்த ஒரு பக்கம்தான் என் தளத்துக்கு வருகிறவர்களில் பெரும்பகுதியைக் கூட்டி வருகிறது. எழுதியது ஒரு வாரம், பார்த்துக்கொண்டது பல வருடம். ஊரில் ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால் வெள்ளையடிப்பதும் குழாய் மாற்றுவதும் நம் தலையில்தானே, அந்த மாதிரி வருமானம் இது.

உங்கள் மகன் சொல்வதும் முழுக்கத் தவறில்லை. அவர் பார்க்கும் உலகத்தில் ரீல்ஸ்தான் ஓடுகிறது. ஆனால் ரீல்ஸ் பார்ப்பவர் யார்? சாப்பிட்டுவிட்டுக் கால்நீட்டி உட்கார்ந்திருப்பவர். அவருக்கு அந்த நேரத்தில் எதுவும் தேவையில்லை. உங்கள் பக்கத்துக்கு வர வேண்டியவர் வேறு ஆள். பீஸ் ரேட்டில் தைக்கிற ஒருவருக்குக் காலை பதினொரு மணிக்குப் பேட்லாக் தையல் விட்டுவிட்டு விழ ஆரம்பிக்கிறது. மெக்கானிக் வேறு யூனிட்டுக்குப் போயிருக்கிறார், வர இரண்டு மணி நேரம் ஆகும். அந்த இரண்டு மணி நேரமும் அவருக்குக் கூலி இல்லை. அவர் போனை எடுத்துக் கூகுளில் தேடுகிறார். அந்த நிமிடத்தில் உங்கள் பக்கம் அவர் கண்ணில் பட்டால் போதும், அவர் உங்களைப் பின்தொடரவும் வேண்டாம், லைக் போடவும் வேண்டாம். அடுத்த வாரம் வேறொருவர் அதே கோளாறோடு வருவார். லூப்பர், அதாவது கீழே நூலைக் கோக்கும் கொக்கி, டைமிங் தவறுவது இந்த வருடத்தோடு நின்றுவிடப் போவதில்லை.

உங்கள் வலைப்பூவை முழுக்கப் படித்தேன். விஷயம் அருமை. தலைப்புகள்தான் உங்களுக்கு எதிராக இருக்கின்றன. "இயந்திரப் பராமரிப்பு – பகுதி 7" என்று வைத்திருக்கிறீர்கள். அந்தப் பதிவுக்குள் தையல் விடுவது, ஊசி உடைவது, நூல் அறுவது மூன்றும் கலந்து கிடக்கின்றன. மிஷின் நின்றுபோனவர் "பகுதி 7" என்று தேட மாட்டார். "பேட்லாக் தையல் விடுது" என்றுதான் தேடுவார், அதுவும் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து. என் வாசகர்கள் பாதிப் பேர் அப்படித்தான் வருகிறார்கள். கூகுளின் சர்ச் கன்சோல் என்ற இலவச வசதியில் உங்கள் தளத்தை இணைத்துவிடுங்கள். எந்தச் சொல்லை அடித்து எந்தப் பக்கத்துக்கு வந்தார்கள் என்று அது காட்டும். எனக்கு அதுதான் ஆசிரியர். "சொத்துரிமை மாற்றம்" என்று நான் எழுதிக்கொண்டிருந்தேன், ஜனங்கள் "பட்டா மாத்துறது எப்படி" என்று தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சொல்லை நான் எடுத்துக்கொண்ட பிறகுதான் வருகை கூடியது.

ஆகவே புதிதாக எழுதுவதை இரண்டு மாதம் நிறுத்திவையுங்கள். இருக்கிற 34 பதிவுகளையும் பிரித்து, ஒரு கோளாறுக்கு ஒரு பக்கம் என்று ஆக்குங்கள். தலைப்பில் டெய்லர் சொல்லும் சொல் இருக்கட்டும். முதல் பத்தியிலேயே முதலில் பார்க்க வேண்டியது என்ன என்று வந்துவிட வேண்டும். வரலாறு, விளக்கம் எல்லாம் அப்புறம். லைக்ரா துணிக்குச் சாதாரண ஊசி போட்டால் தையல் விடும், பந்துமுனை ஊசி வேண்டும் என்று எங்கோ பத்தொன்பதாவது பதிவின் நடுவில் எழுதியிருந்தீர்கள். அது தனிப் பக்கமாக நிற்க வேண்டிய விஷயம். அதே மாதிரி சிங்கருக்கு டிபி×1 (DB×1), ஓவர்லாக்குக்கு டிசி×27, பேட்லாக்குக்கு யூஒய்128 என்று எந்த மிஷினுக்கு எந்த ஊசி, எந்தத் துணிக்கு எந்த நம்பர் என்று ஒரே அட்டவணையாகப் போடுங்கள். புதிதாகப் பவர் மிஷின் வாங்கி வீட்டிலேயே ஜாப் ஒர்க் எடுக்கும் பெண்கள் எத்தனை பேர் அதைத் தேடுவார்கள்!

விளம்பரம் மறுக்கப்பட்டதில் மனம் தளர வேண்டாம். பக்கங்களைச் சீர்செய்த பிறகு மறுபடி விண்ணப்பிக்கலாம். கூகுளின் விளம்பரத் திட்டமான ஆட்சென்ஸ் 2018 பிப்ரவரியிலிருந்து தமிழ்த் தளங்களை ஏற்கிறது. விளம்பரதாரர் கொடுப்பதில் சுமார் 68 சதவீதம் நமக்கு. கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியை உறுதிசெய்யத் தபாலில் ஒரு ரகசிய எண் வரும். 100 டாலர் சேர்ந்தால்தான் வங்கிக்கு அனுப்புவார்கள். எனக்கு அந்த முதல் 100 டாலர் சேர 14 மாதம் ஆனது. தமிழ்ப் பக்கத்தின் விளம்பரத்துக்குக் கிடைக்கும் விலை ஆங்கிலத்தை விடக் குறைவு. மாதம் எழுநூறு எண்ணூறு வருகையை வைத்து அதிலிருந்து ஐயாயிரம் எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ஒரு ஓரத்தில் அது இருக்கட்டும். அமேசான் மாதிரிக் கடைகளின் கமிஷன் இணைப்பும் உங்களுக்குப் பெரிதாக ஒத்துவராது. அந்த இணைப்பைச் சொடுக்கியவர் 24 மணி நேரத்துக்குள் பொருளைக் கூடையில் போட்டு, பிறகு வாங்கவும் செய்தால்தான் கமிஷன். ஊசி, பாபின் வாங்குகிற டெய்லர் பக்கத்து ஸ்பேர்ஸ் கடைக்குத்தான் போவார்.

சரி, அந்த ஸ்பேர்ஸ் கடையைப் பற்றி யோசித்தீர்களா? திருப்பூரில் உங்களுக்கு 22 வருடப் பழக்கம். எந்தக் கடையில் ஒரிஜினல் லூப்பர் கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நீங்களே நம்பி வாங்குகிற ஒரே ஒரு கடையிடம் பேசி, மாதம் ஒரு தொகைக்கு அவர்கள் பெயரை ஊசிப் பக்கத்தின் கீழே போடுங்கள். "விளம்பரம்" என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள். எத்தனை பேர் வருகிறார்கள் என்ற உண்மைக் கணக்கைக் கடைக்காரரிடம் காட்டுங்கள். கூகுள் வழியாக வரும் பொது விளம்பரத்தை விட இது உங்கள் தளத்துக்குப் பொருந்தும். நம்பாத கடையின் பெயரைப் போடாதீர்கள், எவ்வளவு கொடுத்தாலும்.

எனக்கு நிலையான வருமானம் விளம்பரத்தில் வரவில்லை. ஒரு சிறு கையேட்டில் வருகிறது. கிரயத்துக்கு முன் பார்க்க வேண்டிய ஆவணங்களை வரிசைப்படுத்தி, மாதிரிப் படிவங்களோடு 60 பக்க பிடிஎஃப் ஆக்கி விற்கிறேன். தளத்தில் அதே செய்திகள் இலவசமாகவே இருக்கின்றன. ஆனாலும் வாங்குகிறார்கள், ஏனென்றால் பதிவு அலுவலக வாசலில் நின்றுகொண்டு இருபது பக்கங்களைத் திறந்து பார்க்க முடியாது. உங்களுக்கும் அப்படி ஒன்று செய்யலாம். மூன்று மிஷின், ஒவ்வொன்றுக்கும் பத்துக் கோளாறு, எதை முதலில் பார்ப்பது, எதைத் தொடவே கூடாது, எப்போது மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். விலை 149 என்று வைத்தால் மாதம் 34 பிரதி போனால் உங்கள் ஐயாயிரம் வந்துவிடும். முதல் வருடம் மாதத்துக்கு ஐந்து ஆறு பிரதிதான் போகும், அதையும் சொல்லிவிடுகிறேன். பணம் வாங்குவதற்கு ஆரம்பத்தில் யூபிஐ க்யூஆர் ஒன்றே போதும், கையேட்டை நீங்களே மின்னஞ்சலில் அனுப்பிவிடலாம். எண்ணிக்கை கூடிய பிறகு, ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொரு விற்பனையிலும் அவர்களுக்கு ஒரு சிறு சதவீதம் போகும். அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலிலும் போடலாம். ஆனால் அங்கே கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர்ந்தால் 90 நாளுக்கு அதே உள்ளடக்கம் வேறெங்கும் மின்வடிவில் இருக்கக் கூடாது. உங்கள் வலைப்பூவும் அதில் அடங்கும். படிக்காமல் டிக் அடித்துவிடாதீர்கள். எந்த வழியில் வந்தாலும் வருமான வரிக் கணக்கில் காட்டிவிடுங்கள்.

சமூக ஊடகத்தை விட்டுவிட்டுத் தேடலை மட்டும் நம்பினால் அதுவும் ஒரே தூணில் நிற்கிற பந்தல்தான். ஒரு வருடம் தேடல் முறையில் ஏதோ மாற்றம் வந்து என் வருகை ஒரே மாதத்தில் பாதியாகிவிட்டது. காரணம் கேட்க ஆள் கிடையாது. 2024 ஆகஸ்டிலிருந்து இந்தியாவிலும் கூகுள் தேடலின் மேலே ஏஐ எழுதிய சுருக்கம் வருகிறது. அதைப் படித்துவிட்டு உள்ளே வராமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். "பதிவுக் கட்டணம் எவ்வளவு" என்ற ஒருவரிக் கேள்விக்கு இனி என் பக்கம் தேவைப்படாது. மூலப்பத்திரம் தொலைந்த இடத்தை வாங்கலாமா என்ற கேள்விக்கு இன்னும் வருகிறார்கள். உங்கள் கை எடுத்த படம், டைமிங் தவறிய லூப்பர் ஊசியை உரசும் இடத்தின் குளோசப், அந்தச் சத்தத்தின் பத்து விநாடிப் பதிவு, இவைதான் உங்களிடம் இருப்பவை. அவற்றை எந்தச் சுருக்கத்திலும் அடக்க முடியாது. படங்களில் ஓரமாகத் தளத்தின் முகவரியைப் பொறித்துவிடுங்கள், திருடுகிறவர்கள் அதையும் சேர்த்துத் திருடட்டும்.

முகவரி என்றதும் நினைவு வருகிறது. சொந்த டொமைன், அதாவது உங்கள் பெயரிலேயே ஓர் இணைய முகவரி, வாங்குங்கள், ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் ரூபாய். இலவச வலைப்பூவிலேயே இருந்துகொண்டு அதை இணைக்கலாம். 2010-இல் ஓர் இலவசச் சேவையில் என் கணக்கு திடீரென்று பூட்டப்பட்டு மூன்று வாரம் உள்ளே நுழைய முடியவில்லை. அழுதே விட்டேன். அன்றிலிருந்து மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் இறக்கிக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி வைக்கிறேன். மின்னஞ்சல் பட்டியலும் வைத்திருக்கிறேன். கட்டணம் மாறினால் அவர்களுக்குத்தான் முதல் கடிதம் போகும். டெய்லர்கள் மின்னஞ்சல் பார்ப்பது குறைவு என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் யூனிட் முதலாளிகளும் சூப்பர்வைசர்களும் மற்ற மெக்கானிக்குகளும் பார்ப்பார்கள், கையேடு வாங்கப்போவதும் பெரும்பாலும் அவர்கள்தான்.

டெய்லர்களுக்கு வேறொரு வழி தோன்றுகிறது. கட்டைவிரல் அகலத்தில் ஒரு க்யூஆர் ஸ்டிக்கர் அடியுங்கள். "தையல் விடுதா? ஸ்கேன் பண்ணுங்க" என்று மேலே ஒரு வரி. நீங்கள் சர்வீஸ் செய்கிற ஒவ்வொரு மிஷின் தலையிலும், முதலாளியிடம் கேட்டுவிட்டு, அந்த மிஷினுக்கு உரிய பக்கத்தின் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு வாருங்கள். ஸ்பேர்ஸ் கடை மேசையிலும் ஒன்று. வெளியூரில் இருக்கிற எனக்கு இது முடியாது. தினம் பத்து மிஷினைத் தொடுகிற உங்களுக்கு முடியும்.

வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள். மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை இதற்கு ஒதுக்குங்கள், ராத்திரி ஒரு மணி வரை விழித்திருக்கும் பழக்கம் திரும்ப வரவே வேண்டாம். முதலில் பேட்லாக் தையல் விடும் பக்கத்தை எழுதி முடியுங்கள். முடித்ததும் சுட்டியை எனக்கு அனுப்புங்கள். என் தளத்துக்கு வருகிறவர்களில் திருப்பூர், ஈரோடு, கரூர்க்காரர்கள் நிறைய. இந்தப் பதிலின் கீழேயே அதற்கு இணைப்புக் கொடுக்கிறேன்.

அன்புடன்.