டாக்டரிடம் கேளுங்கள்: மூணு மணி ரிசல்ட்

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் மனநல மருத்துவம் பார்க்கிறேன். சித்தூர் தாலுக்காத் தமிழர்களும் எல்லை தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கத்து ஆட்களும் என்னிடம் வருகிறார்கள். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் லாட்டரி பற்றியவை. அதனால் தூக்கமின்மை, தலைவலிக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் தேங்காய்க் களத்தில் லோடு ஏற்றுகிறார். தினமும் எல்லையோரக் கோபாலபுரம் போய் லாட்டரி எடுக்கிறார். முன்பு ஒரு சீட்டு, இப்போது ஐந்தாறு. அது போக, கடைசி மூணு எண் என்ன விழும் என்று தனியாரிடம் பந்தயம் கட்டும் 'மூணு நம்பர்' என்பதும் எழுதுகிறார். மகளிர் குழுக் கடன் வாங்கிய பணமும் என் கம்மலும் போய்விட்டன. குடி கிடையாது. கேட்டால், 'நேத்து ஒரு நம்பர்ல போச்சு, விட்டதைப் பிடிச்சுட்டு நிறுத்திடறேன்' என்கிறார். திட்டிப் பார்த்தேன், குலசாமி கோயிலில் சத்தியமும் வாங்கினேன். இதற்கு வைத்தியம் உண்டா?
*பெயர் வேண்டாம், கோபாலபுரம் அருகில்*

உண்டும்மா. முதலில் இதை வியாதி என்று ஒத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் சூதாட்டக் கோளாறுக்குத் தனி இடம் இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களும் 2013இல் இதைக் குடி, போதைப் பழக்கங்களோடு ஒரே வரிசையில் சேர்த்துவிட்டார்கள். நான் சந்தேகப்படும் ஆளிடம் இரண்டு கேள்வி கேட்பேன். போகப்போக அதிகப் பணம் வைக்கவேண்டும் என்று தோன்றியதா? எவ்வளவு வைத்தீர்கள் என்பதை வீட்டில் மறைத்துப் பொய் சொன்னதுண்டா? ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலே விரிவாகப் பேச உட்கார்ந்துவிடுவேன். உங்கள் கணவருக்கு முதல் கேள்விக்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

'ஒரு நம்பர்ல போச்சு' என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். என்னிடம் வந்த ஒருவர் ரப்பர் பேண்ட் போட்ட சீட்டுக்கட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து என் மேசையில் பரப்பினார். எல்லாம் பரிசு விழாத பழைய சீட்டு. ஒவ்வொன்றிலும் கடைசி நாலு எண்ணைப் பேனாவால் வட்டமிட்டு, விழுந்த எண்ணைப் பக்கத்தில் எழுதிவைத்திருந்தார். 4471, 4472. அவருக்கு அது தோல்வியாகவே தெரியவில்லை, நெருங்கிவிட்டதற்குச் சாட்சியாகத் தெரிந்தது. விழுந்த ஒரு எண்ணோடு கடைசி நாலும் பொருந்துவதற்குப் பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்பு, மூணு நம்பருக்கு ஆயிரத்தில் ஒன்று. 4471 வராமல் 4472 வந்ததும், 0009 வந்ததும் குலுக்கலுக்கு ஒன்றுதான். ஆனால் மூளைக்கு ஒன்றில்லை. மயிரிழையில் தவறும்போதும், ஜெயித்தபோது கிளறப்படும் அதே இடங்கள் மூளையில் கிளறப்படுவதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால்தான் தோற்றவர் வருத்தத்தோடு வீட்டுக்கு வராமல், நாளைக்கான நம்பரோடு வருகிறார்.

மூணு நம்பர் இன்னும் மோசம். கேரள அரசு சீட்டுக்கு விலை உண்டு, கையில் ஒரு சீட்டாவது இருக்கும். மூணு நம்பருக்குத் துண்டுக் காகிதம்தான். எவ்வளவுக்கும் எழுதலாம், கடனுக்கும் எழுதுவார்கள். மூன்று மணிக்கு வரும் அரசு ரிசல்ட்டின் கடைசி மூணு எண்ணை வைத்தே பணம் தருவதால், ஏதோ நேர்மையான ஆட்டம் போலத் தெரியும். இரண்டு மாநிலத்திலும் அது சட்டவிரோதம்.

சத்தியம் ஏன் நிற்கவில்லை என்று கலங்காதீர்கள். காலையில் சத்தியம் செய்த மனசும் மதியம் இரண்டரை மணிக்குக் கை பரபரக்கும் மனசும் ஒரே நிலையில் இருப்பதில்லை. அந்த இரண்டு முதல் மூன்று மணி வரை அவர் எங்கே இருக்கிறார் என்பதைத்தான் மாற்றவேண்டும். கணவரின் சம்மதத்தோடு களத்து முதலாளியிடம் பேசி, கூலியை உங்கள் கணக்கில் போடச் சொல்லுங்கள். கடன்களை அவரையே உட்காரவைத்து ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள், மறைத்ததும் சேர்த்து. எழுதும்போது திட்டாதீர்கள், திட்டினால் பாதிதான் வெளியே வரும். நகையை விற்று மொத்தக் கடனையும் ஒரே நாளில் அடைத்துவிடாதீர்கள். எத்தனையோ குடும்பத்தில் பார்த்துவிட்டேன், கடன் தீர்ந்த மறுநாள் புதுக் கடனுக்கு வாசல் திறந்துகொள்கிறது. குழுத் தவணையை மட்டும் விடாமல் கட்டுங்கள்.

சிகிச்சை என்பது பெரும்பாலும் பேச்சுதான். எண்ணங்களையும் பழக்கத்தையும் வாரா வாரம் உட்கார்ந்து மாற்றும் முறை. சிலருக்கு, குடியை நிறுத்தக் கொடுக்கும் நால்ட்ரெக்ஸோன் மாத்திரை அந்தப் பரபரப்பைக் குறைக்கிறது. ஈரல் பரிசோதனை பார்த்து டாக்டர்தான் தரவேண்டும். இன்னொன்று, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்: கடன் முற்றும்போது உயிரை விட நினைப்பவர்கள் இந்த நோயில் அதிகம். வீட்டில் தோட்டத்துப் பூச்சிமருந்து இருந்தால் இன்றைக்கே வேறிடத்துக்கு மாற்றுங்கள். 'செத்துடலாம்' என்ற பேச்சு வந்தால் இரவானாலும் 14416 என்ற டெலி மானஸ் அரசு மனநல உதவி எண்ணுக்கு அடியுங்கள். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். நீங்களும் பேசலாம், அவருக்காக மட்டும் இல்லை.

வருஷத்துக்கு ஒரு ஓணம் பம்பர் லாட்டரிச் சீட்டு எடுப்பேன். அதுவும் நோயா?
*ஆட்டோ ஓட்டுநர், வாளையாறு*

இல்லை. 500 ரூபாய் போனால் போகட்டும் என்று எடுத்து, விழாவிட்டால் மறந்துவிடுகிறீர்கள் என்றால் எனக்கு உங்களிடம் வேலையில்லை. 2023இல் உங்கள் வாளையாறில் எடுத்த சீட்டுக்குத்தான் திருப்பூர்ப் பக்கத்து நண்பர்கள் நாலு பேருக்கு 25 கோடி விழுந்தது என்பது எனக்கும் தெரியும். அதில் ஏஜென்ட் கமிஷன் 10 விழுக்காடு, வருமான வரி 30 விழுக்காடு போகும் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். பம்பருக்கு நடுவில் தினச் சீட்டு எடுக்கத் தொடங்கினால் எனக்கு எழுதுங்கள்.

தமிழ்நாடு தடை செய்கிறது, கேரளம் அரசே நடத்துகிறது. மக்கள் நலனுக்கு எது சரி?
*கல்லூரி மாணவர், வேலந்தாவளம்*

தம்பி, கேரளம் 1967இல் தொடங்கியது. மறு வருஷமே தமிழ்நாடும் தொடங்கி, 2003இல் லாட்டரியையே தடைசெய்தது. 1998ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி ஒரு மாநிலம் அடுத்த மாநிலச் சீட்டைத் தன் எல்லைக்குள் விற்கவிடாமல் தடுக்கலாம். ஒற்றை எண்ணுக்குப் பரிசு கூடாது என்பதும் அதே சட்டம்.

நான் பார்க்கும் இடத்திலிருந்து சொல்கிறேன். தடை உள்ளூர்க் கடையை மூடியது, அது பெரிய நன்மை. பள்ளிக்கூட வாசல்வரை சுரண்டல் சீட்டு தொங்கிய காலத்தை உன் அப்பாவிடம் கேள். ஆனால் பழக்கத்தில் கெட்டியாகச் சிக்கியவர் பஸ் ஏறி உங்கள் ஊர்க் கடைக்கு வந்துவிடுகிறார், வர முடியாதவர் மூணு நம்பர்காரனிடம் போகிறார். கேரள முறையில் அச்சடித்த சீட்டு, அறிவித்த பரிசு, நடந்து விற்கும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பிழைப்பு எல்லாம் இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். தினமும் குலுக்கல் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஆட்டத்துக்கும் ரிசல்ட்டுக்கும் இடையே நேரம் குறையக் குறையப் பிடிப்பு இறுகும்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஒரு கணக்கைக் கேள்: சூதாட்டத்தில் இழக்கும் பணத்தில் சுமார் 60 விழுக்காடு, தங்களுக்கே கெடுதலாகும் அளவில் ஆடுபவர்கள் இழப்பது. வருஷத்துக்கு ஒரு சீட்டு எடுக்கும் வாளையாறு அண்ணனால் லாட்டரி வருமானம் ஓடவில்லை, மேலே எழுதிய அம்மாவின் கம்மலால் ஓடுகிறது. ஆகவே எந்தச் சட்டத்தையும் அந்த அம்மா வீட்டுக்கு என்ன செய்கிறது என்று கேட்டுத்தான் நான் எடைபோடுவேன். நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பண விளையாட்டுச் செயலியில் நுழையக் கூடாது என்று 2025இல் தமிழ்நாடு விதித்ததும், உயர் நீதிமன்றம் அதைச் சரி என்றதும் அந்த வகையில் நல்ல காரியம். அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை மொத்தமாகவே தடுத்தது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம், ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. இதை உன் நண்பர்களிடம் சொல். ரம்மி ஆடிக் கடன்பட்டவன் போலீசுக்குப் பயந்து டாக்டரிடம் வராமல் இருக்கவேண்டாம்.

கேரள அரசிடம் எனக்கொரு வேண்டுகோள். 2011இல் காருண்யா லாட்டரியைத் தொடங்கியபோது அதன் வருமானம் புற்றுநோய், சிறுநீரகம், இதய நோயாளிகளுக்குப் போகும் என்றார்கள். லாட்டரியால் நொடித்தவரின் சிகிச்சைக்கும் ஒரு பங்கு தனியாக ஒதுக்குங்கள். ஒவ்வொரு சீட்டின் பின்புறமும் 14416ஐப் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள், மலையாளத்திலும் தமிழிலும்.

அப்பாவுக்கு 64 வயது. கைநடுக்க நோய் என்று பிரமிபெக்ஸோல் கொடுத்தார்கள். வாழ்நாளில் சீட்டே எடுக்காதவர், ஆறு மாதமாகக் கட்டுக்கட்டாக எடுக்கிறார். வயசான காலத்தில் புத்தி கெட்டுவிட்டது என்று அம்மா அழுகிறார்.
*ஒரு மகள், மீனாட்சிபுரம்*

அம்மாவை அழவேண்டாம் என்று சொல்லுங்கள், அப்பாவையும் யாரும் குறை சொல்லவேண்டாம். பார்க்கின்சன் நோய்க்குத் தரும் பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் போன்ற மாத்திரைகள் சிலருக்கு அடக்க முடியாத சூதாட்ட ஆசையைக் கிளப்பும். மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த பக்கவிளைவு இது. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், திடீரென்று விட்டால் வேறு தொல்லை வரும். மருந்து தொடங்கிய தேதி, அளவு கூட்டிய தேதி, சீட்டு எடுக்கத் தொடங்கிய மாதம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி, இந்த வாரமே நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ பார்ப்பார். அதுவரை பென்ஷன் கார்டு உங்களிடம் இருக்கட்டும்.