ஊரில் உள்ள விசித்திரமான மனிதர்களை வைத்தும், பெரிய நிறுவனங்களைக் கேலி செய்தும் சிறு கடைக்கு விளம்பரம் எடுக்கலாமா?

திருகோணமலையில் கல்யாண வீடியோவும் கடை விளம்பரமும் எடுத்துப் பிழைப்பவன் நான். உங்கள் கேள்வியின் முதற்பாதிக்குத் தயங்காமல் ஆம் என்பேன். இரண்டாம் பாதியில் கையைச் சுட்டுக்கொண்டவன்.

தம்பலகாமத்தில் எருமைத் தயிர் விற்கும் ஒருவர் முகநூலில் போட விளம்பரம் கேட்டார். நகரத்திலிருந்து ஓர் இளம்பெண்ணை அழைத்துப்போய், தயிரும் பாணியும் சாப்பிட்டுப் புன்னகைக்க வைத்தோம். ஒன்பது முறை எடுத்தும் சரிவரவில்லை. ஓரமாக இருந்து சட்டிகளுக்குத் தாள் கட்டிக்கொண்டிருந்த ஆச்சிக்குப் பொறுமை போய்விட்டது. எழுபது கடந்தவர், முன்வாயில் இரண்டு பற்கள்தான் மிச்சம். "சிரித்துக் காட்டினால் தயிர் நல்லதென்று யாருக்குத் தெரியும்?" என்றபடி எழுந்து வந்து, ஒரு சட்டியை என் தலைக்கு மேலே கவிழ்த்துவிட்டார். நான் குனிந்தேன். தயிர் அசையவில்லை. "தயிர் விழாது தம்பி, பயத்தில் நீதான் விழுவாய்" என்றார். உதவியாளன் கமெராவை நிறுத்தாமல் விட்டிருந்தான். அந்தப் பதினைந்து வினாடிகளை வெட்டாமல் போட்டோம். கண்டி வீதியில் போகிற வான்காரர்கள் நிறுத்தி, "கவிழ்க்கிற ஆச்சி எங்கே?" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

ஆச்சியின் முகம் வேடிக்கையானதுதான். ஆனால் தயிரை விற்றது அந்த முகமல்ல, கவிழ்ந்த சட்டி. அவருடைய குறும்பே தயிர் எவ்வளவு கெட்டியென்று காட்டிவிட்டது. இது இல்லாமல் வெறும் விசித்திரம் மட்டும் இருந்தால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்துவிட்டேன். பிரெட்ரிக் கோட்டை வாசலில் ஒரு துணிக்கடைக்காக எடுத்த விளம்பரத்தில் மான் ஒன்று நடுவே வந்து மாலையைத் தின்றது. கீழே வந்த கருத்துகள் எல்லாம் மானைப் பற்றியே. கடையின் பெயரை ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அமெரிக்காவில் ஜோ செடல்மேயர் என்ற விளம்பர இயக்குநர் தொழில்முறை நடிகர்களைவிட இப்படிப்பட்ட முகங்களையே தேடுவார். 1984 இல் வெண்டிஸ் உணவகத்துக்காக அவர் எடுத்த விளம்பரத்தில் வந்தவர் கிளாரா பெல்லர்; நகப்பூச்சு வேலையிலிருந்து ஓய்வுபெற்ற 81 வயது மூதாட்டி. பெரிய பன்னுக்குள் துளி இறைச்சியைப் பார்த்துவிட்டு "இறைச்சி எங்கே?" என்று அதட்டுவார். முதலில் எழுதப்பட்ட வரி சற்று நீளம். நுரையீரல் நோயால் அவருக்கு மூச்சு வாங்கியதால் குறைத்தார்களாம். அந்தச் சுருக்கம்தான் நாடெங்கும் பரவியது. இன்னொன்றைக் கவனியுங்கள். அதில் கேலிக்கு ஆளான கடைக்கு உண்மையான போட்டியாளரின் பெயர் இல்லை. பெரிய பன்னை வைத்துப் புனைந்த பெயர்.

இது தெரியாமல்தான் நான் அடிபட்டேன். என் மச்சான் ஐஸ்பழம் செய்து விற்கிறார். எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெரிய ஐஸ்கிரீம் விளம்பரத்தை, அதே மெட்டில், அதே மாடிப்படியில் ஓடிவரும் குடும்பத்தோடு நையாண்டி செய்தோம். ஊரே சிரித்தது. மறுநாள் கடைக்கு வந்த பிள்ளைகள் அந்தப் பெரிய நிறுவனத்தின் ஐஸ்கிரீமைக் கேட்டார்கள். மச்சான் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

பெரிய நிறுவனங்களுக்கும் இதே கதைதான். டியூராசெல் பற்றரியின் இளஞ்சிவப்பு முயலைக் கேலி செய்ய, 1980களின் இறுதியில் போட்டிப் பற்றரியான எனர்ஜைசர் தானும் மேளம் அடிக்கும் முயலொன்றை இறக்கியது. பார்த்தவர்களில் பலர் அதை டியூராசெல் விளம்பரம் என்றே எண்ணினார்கள். பிறகு இல்லாத பொருள்களுக்குப் போலி விளம்பரங்கள் எடுத்து, அவற்றின் நடுவே அந்த முயலை நுழைய விட்டார்கள். அந்த முயலையே கூர்ஸ் பியர் நிறுவனம் நையாண்டி செய்தபோது, எனர்ஜைசர்காரர்கள் 1991 இல் நீதிமன்றம் போய்த் தடை கேட்டுத் தோற்றார்கள். அதை நம்பி இங்கே துணிய வேண்டாம். அது அமெரிக்கத் தீர்ப்பு. இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், போட்டியாளரின் பொருளைப் பொய்யாகத் தாழ்த்துவதை நியாயமற்ற போட்டியாகவே பார்க்கிறது. பெரிய நிறுவனத்தின் சட்டத்தரணியிடமிருந்து கடிதம் வந்தால் ஐஸ்பழக் கடை தாங்காது.

ஆகவே நிறுவனத்தை விட்டுவிட்டு, விளம்பரம் எடுக்கும் பாணியைக் கேலி செய்யுங்கள். வெள்ளைக் கோட்டுப் போட்ட போலி வைத்தியர், துவைத்த சட்டையை முகர்ந்து மயங்கும் அம்மா, காற்றே இல்லாத அறையில் பறக்கும் கூந்தல் என்று சரக்குக்குப் பஞ்சமில்லை. மச்சானுக்கு அடுத்து எடுத்ததில் ஒரு "வைத்தியர்" ஐஸ்பழத்தைக் குழல் வைத்துப் பரிசோதித்தார். அது அவர் கோட்டிலேயே உருகியது. இந்த முறை பிள்ளைகள் "வைத்தியர் ஐஸ்பழம்" என்று கேட்டு வந்தார்கள்.

கடைசியாகப் பணவிஷயம். கிளாரா பெல்லர் அடுத்த ஆண்டே வேறொரு நிறுவனத்தின் பாஸ்தா சோஸ் விளம்பரத்தில் வந்து "கண்டுபிடித்துவிட்டேன்" என்றார். வெண்டிஸ் அவரை விலக்கியது. நீங்கள் யாரைப் படமெடுக்கிறீர்களோ அவரிடம் எவ்வளவு, எத்தனை நாள், வேறு கடைக்குப் போகலாமா என்பதையெல்லாம் முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். நாங்கள் எழுதவில்லை. இப்போது பக்கத்துத் தயிர்க்கடைக்காரரும் ஆச்சியைக் கேட்டிருக்கிறார். ஆச்சி ஒரு தடவை கவிழ்ப்பதற்கு ஆயிரம் ரூபாய் என்று சொல்லிவிட்டு, மீண்டும் தாள் கட்ட உட்கார்ந்துவிட்டார்.