பழைய டெஸ்க்டாப்பில் கேமும் லைவும்: வாசகர் கேள்விகள்

என்னிடம் ஐ5 கம்ப்யூட்டர் இருக்கிறது. எந்த கிராபிக்ஸ் கார்டு போடலாம் சார்? (திருச்சி)

எந்த ஐ5? முதல் ஐ5 வந்தது 2009-இல். அதற்குப் பிறகு பதினான்காம் தலைமுறை வரை அதே பெயர்தான். பிராசஸரின் முழு எண், மதர்போர்டு மாடல், எஸ்.எம்.பி.எஸ். (உள்ளே கரண்ட் தரும் பெட்டி) ஸ்டிக்கரின் போட்டோ, இந்த மூன்றும் இல்லாமல் பதில் சொல்ல முடியாது. எத்தனை தடவைதான் கேட்பது? அனுப்பிவிட்டுக் கேளுங்கள்.

ஐ5-4570, எச்81 போர்டு, 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 750 டிஐ. கேம் ஆடிக்கொண்டே யூடியூபில் லைவ் போட்டால் படம் விட்டு விட்டு ஓடுகிறது. எதை மாற்றுவது? (ஈரோடு)

இப்படிக் கேட்டால் பதில் சொல்ல ஆசையாக இருக்கிறது. முதலில் காசில்லாத வேலை: லைவ் போடும் ஓபிஎஸ் சாஃப்ட்வேரின் செட்டிங்ஸில் என்கோடர் (வீடியோவைச் சுருக்கி அனுப்புவது) எக்ஸ்264 என்று இருந்தால் என்விஎன்சி என்று மாற்றுங்கள், அந்த வேலை பிராசஸரிலிருந்து கார்டுக்குப் போய்விடும். 4570-இல் நான்கு கோர், நான்கே த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் நான்கு வேலைதான். கேமையும் என்கோடிங்கையும் சேர்த்து அதன் தலையில் கட்டினால் தாங்காது. லைவை 720பி-யில் வையுங்கள்.

அடுத்தது ராம். 8 ஜிபி ஒரே ஸ்டிக்காக இருந்தால் அதே மாதிரி இன்னொன்று போட்டு டூயல் சேனல் ஆக்குங்கள், இரண்டு ஸ்டிக்கும் சேர்ந்து வேலை செய்யும். டிடிஆர்3 என்று பார்த்து வாங்குங்கள், டிடிஆர்4 அந்த ஸ்லாட்டில் ஏறாது. அப்புறம், நல்ல நிலையில் பழைய ஐ7-4770 கிடைத்தால் அதே சாக்கெட்டில் உட்காரும், த்ரெட் எட்டாகும்.

கார்டு மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி இரண்டும் விலை குறைவு என்று உங்களிடம் தள்ளப் பார்ப்பார்கள். இரண்டிலும் வீடியோ என்கோடர் கிடையாது. போதாததற்கு போர்டோடு பேசும் பாதை (பிசிஐஇ லேன்) நாலேதான். உங்கள் எச்81 போர்டிலோ அந்தப் பாதை பழைய, வேகம் குறைந்த பிசிஐஇ 2.0. லைவ் போடுகிறவருக்கு இவை வேண்டவே வேண்டாம்.

கேபினெட்டோடு 500 வாட் எஸ்.எம்.பி.எஸ். இலவசமாக வந்தது. அதிலேயே ஆர்எக்ஸ் 6600 ஓடும் என்கிறார் கடைக்காரர். சரிதானா? (மதுரை)

சரியில்லை. மாதத்துக்கு நாலு பேராவது இதைக் கேட்கிறீர்கள், கோபம்தான் வருகிறது. உங்கள் மேல் அல்ல, இப்படிச் சொல்லி விற்கிறவர்கள் மேல்.

பக்கவாட்டு மூடியைக் கழற்றி ஸ்டிக்கரைப் பாருங்கள். மேலே பெரிதாக 500 என்று போட்டிருக்கும், அதை விடுங்கள். கீழே சின்ன எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதில் +12 வோல்ட் பத்தியில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 12-ஆல் பெருக்கினால் வருவதுதான் பிராசஸருக்கும் கார்டுக்கும் கிடைக்கிற உண்மையான வாட். இலவச ரகங்களில் 16, 18 ஆம்பியர் என்று பார்த்திருக்கிறேன். கூட்டிக் கழித்தால் சுமார் 200 வாட். ஆர்எக்ஸ் 6600 மட்டுமே 130 வாட்டுக்கு மேல் கேட்கும். பிராசஸர் 65 முதல் 85. அதிலேயே கணக்கு தீர்ந்துவிட்டது. கேமில் வெடிப்புக் காட்சி வரும்போது கார்டு ஒரு நொடிக்குள் இழுக்கும் கூடுதல் கரண்டுக்கு எங்கே போவது?

அப்போது என்ன ஆகும் என்றால், ஆட்டத்தின் நடுவே திரை கறுத்து மெஷின் ரீஸ்டார்ட் ஆகும். நீங்கள் கார்டைச் சந்தேகப்படுவீர்கள், விண்டோஸை அழித்துப் போடுவீர்கள். எஸ்.எம்.பி.எஸ். பக்கம் யாரும் திரும்பமாட்டார்கள்.

இன்னொன்று, கார்டுக்கான 8 பின் வயர் இல்லையென்றால் ஹார்ட் டிஸ்க்குக்கான சாட்டா பவர் வயரிலிருந்து ஒரு கன்வெர்ட்டர் போட்டுத் தருகிறார்கள். சாட்டா பவர் கனெக்டர் 12 வோல்ட்டில் தாங்குவது சுமார் 54 வாட். 8 பின்னின் அளவு 150 வாட். என்னிடம் வந்த ஒரு மெஷினில் அந்த இணைப்பின் கறுப்புப் பிளாஸ்டிக் உருகி பின்னோடு ஒட்டியிருந்தது. மஞ்சள் வயரின் உறை பழுப்பாகி, விரலால் வளைத்தால் நொறுங்கியது. அதை மாட்டிக் கொடுத்த கடை ‘ஒன்றும் ஆகாது’ என்று சொல்லியிருந்ததாம். வீட்டில் குழந்தைகள் தூங்குகிற அறை அது.

கார்டுக்கு முன் எஸ்.எம்.பி.எஸ். வாங்குங்கள். 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze) என்ற மின்சிக்கனச் சான்று, ஐந்து வருட வாரண்டி. நாலாயிரம், ஐந்தாயிரம் ஆகும். நாளை போர்டு மாற்றினாலும் அது கூடவே வரும். அந்தப் பணம் இல்லையென்றால் கார்டைத் தள்ளிப்போடுங்கள்.

ஆபீஸில் கழித்த டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020, சின்னப் பெட்டி. இதில் கேம் ஆட முடியுமா? (கோவை)

முடியும், அளவோடு. எஸ்.எம்.பி.எஸ். 255 வாட். போர்டில் வழக்கமான 24 பின் கிடையாது, 8 பின் சாக்கெட். அதனால் கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்.எம்.பி.எஸ். நேரடியாகப் பொருந்தாது. தனி பவர் வயர் கேட்காத, லோ புரொஃபைல் (உயரம் குறைந்த) கார்டுதான் வழி. ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி ரகம் 70 வாட்தான், என்கோடரும் நன்றாக இருக்கும். பெட்டிக்குள் ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு வாங்குங்கள்.

ரைசன் 5 1600, பி350 போர்டு. மொத்தமாக மாற்றிவிடலாமா? (சேலம்)

வேண்டாம். போர்டு கம்பெனியின் பட்டியலில் ரைசன் 5 5600 இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பிராசஸர் மட்டும் போதும். பழைய பிராசஸர் இருக்கும்போதே பயாஸை (போர்டை எழுப்பும் சாஃப்ட்வேர்) அப்டேட் செய்யுங்கள், யூபிஎஸ்ஸில் போட்டு. நடுவில் கரண்ட் போனால் போர்டே எழாமல் போகலாம். பிறகு கார்டு வாங்கும் யோசனை இருந்தால், எஸ்.எம்.பி.எஸ். ஸ்டிக்கர்!

புதுக் கார்டு போட்டும் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) ஏறவே இல்லை. கார்டு டூப்ளிகேட்டா? (தஞ்சாவூர்)

மானிட்டர் வயரை மதர்போர்டில் செருகியிருப்பீர்கள். கழற்றி, கார்டில் செருகுங்கள்.

விண்டோஸ் 10-ஐயே வைத்துக்கொள்ளலாமா? நாலாம் தலைமுறை ஐ7. (நாகர்கோவில்)

வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். குறுக்கு வழியில் ஏற்றினாலும் வேலரண்ட் கேம் அங்கே டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும். அந்த கேம்தான் முக்கியம் என்றால் இந்த மெஷினில் இனி பணம் போடாதீர்கள்.

100 எம்பிபிஎஸ் பிளான். ஆனாலும் லைவ் அறுந்து போகிறது. (நெல்லை)

அது டவுன்லோடு வேகம். அப்லோடு எவ்வளவு என்று சோதித்துப் பாருங்கள். 1080பி, 60 ஃபிரேமுக்கு நிலையாகக் குறைந்தது 6 எம்பிபிஎஸ் போக வேண்டும், கையிருப்பாகப் பத்தாவது இருக்கட்டும். வைஃபையை விட்டுவிட்டு லேன் வயர் போடுங்கள்.