கோடையில் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலை ஏறிவிட்டேன், ஜனவரியில் பனியில் ஏற எப்படித் தயாராவது?

"ஜிம் போகிறேன், வாரம் மூன்று நாள் ஓடுகிறேன், மைக்ரோஸ்பைக்கும் (ஷூவில் ரப்பர் பட்டையால் மாட்டுகிற சின்ன முட்கள்) வாங்கிவிட்டேன், இன்னும் என்ன வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வரியைப் பார்த்ததும் என் இடது மணிக்கட்டைத் தடவிக்கொண்டேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். அநேகமாக நீங்கள் இங்கே ஸ்காட்லாந்துக்குப் படிக்க வந்தவராக இருப்பீர்கள். கோடையில் கும்பலோடு போய் உச்சியில் போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கியிருப்பீர்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

நான் வழிகாட்டி இல்லை, கிளாஸ்கோவில் இருந்துகொண்டு குளிர்காலத்தில் மலைக்குப் போகிற சாதாரண ஆள். "நான் வெறும் ஷூவில் போய் வந்தேனே" என்று சிலர் கீழே எழுதுவார்கள். போயிருப்பார்கள், மறுக்கவில்லை. அன்றைக்குப் பனி மெத்தென்று இருந்திருக்கும். அதே சரிவு மறுநாள் கண்ணாடி மாதிரி இறுகிக் கிடக்கும்.

ஒரு பிப்ரவரியில் நண்பர் ஒருவரும் நானும் போனோம். வெள்ளியங்கிரி ஏழு மலையையும் ஐந்து முறை ஏறியவன் நான், 1,345 மீட்டரெல்லாம் ஒரு உயரமா என்ற நினைப்பு. அடிவாரத்திலுள்ள கிளென் நெவிஸ் பள்ளத்தாக்கு கிட்டத்தட்ட கடல்மட்டத்தில் இருக்கிறது, அத்தனை உயரத்தையும் காலால்தான் ஏற வேண்டும் என்பதுகூட அப்போது உறைக்கவில்லை. மதியம் ஏறும்போது கால் புதைகிற பனி, சுகமாக இருந்தது. நாலு மணிக்கு மேல் ஜிக்ஜாக் பகுதியில் இறங்கும்போது அதே பனி சிமெண்டுத் தரையாகியிருந்தது. சரிவில் குறுக்கே நடந்தபோது இடது பூட்ஸிலிருந்த மைக்ரோஸ்பைக்கின் ரப்பர் பட்டை பக்கவாட்டில் நழுவியது. முள்ளெல்லாம் பாதத்தின் ஓரத்துக்கு வந்துவிட்டது. அடுத்த எட்டு வைத்தேன், காலுக்குக் கீழே ஒன்றுமில்லை.

நைலான் பேண்ட் பனியில் எப்படி வழுக்கும் என்பதை விழுந்தால்தான் தெரிந்துகொள்ள முடியும். கத்தக்கூட நேரமில்லை. கையால் பனியைப் பிறாண்டினேன், நகம் கூட இறங்கவில்லை. முப்பது நாற்பது மீட்டர் போயிருப்பேன். பனிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த பாறைகளில் மோதி நின்றேன், மணிக்கட்டு உடைந்தது. அந்தப் பாறைகள் இல்லையென்றால் இதை எழுத ஆள் இருந்திருக்க மாட்டேன். என்னிடம் புத்தம்புது பனிக்கோடரி இருந்தது. அது முதுகுப்பையில், அலகின் ரப்பர் உறைகூடக் கழற்றாமல், பத்திரமாகக் கட்டியிருந்தது.

பின்னால் இறங்கிக்கொண்டிருந்த இரண்டு ஸ்காட்டிஷ்காரர்கள் கோடரியால் படி வெட்டிக்கொண்டே வந்து, கையைத் துணியால் கட்டி, ஹெட்டார்ச் வெளிச்சத்தில் அடிவாரம்வரை கூட வந்தார்கள். ஒரு வார்த்தை திட்டவில்லை.

அதனால் என் பதில் இதுதான்: ஏறப் பழகுவதற்கு முன் விழப் பழகுங்கள். மறுவருடம் குளிர்கால மலைப் பயிற்சி வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். கீழே பாறையோ பள்ளமோ இல்லாத, தானாகவே போய் நின்றுவிடுகிற சரிவில், ஹெல்மெட் போட்டுக்கொண்டு, கிராம்பானை (பூட்ஸின் அடியில் மாட்டுகிற பெரிய முள் சட்டம்) கழற்றிவிட்டு நாள் முழுக்கச் சறுக்கினோம். கால் முன்னால், தலை முன்னால், மல்லாக்க, கோடரியை இரண்டு கையிலும் மாற்றி மாற்றிப் பிடித்து. சறுக்கலை நிறுத்த, கோடரித் தலையைத் தோளுக்குக் கீழே நெஞ்சோடு அணைத்து, மற்ற கையால் அடிமுனையைப் பிடித்து, குப்புறத் திரும்பி உடம்பின் பாரத்தை அலகின் மேல் போட வேண்டும். காலில் கிராம்பான் இருக்கும்போது பாதத்தை மேலே தூக்கிவிட வேண்டும். இல்லையென்றால் முள் மாட்டி ஆளையே புரட்டிவிடும். வேகம் பிடித்தபிறகு எதுவும் உதவாது, முதல் விநாடியிலேயே கை தானாகத் திரும்ப வேண்டும். கோடரி எப்போதும் மலைப்பக்கக் கையில். வெள்ளியங்கிரி மூங்கில் தடி மாதிரி ஊன்றிக்கொள்ள மட்டும் அல்ல.

மற்றதெல்லாம் அப்புறம்தான். மைக்ரோஸ்பைக் சமதளப் பாதைக்குச் சரி, சரிவுக்குக் கிராம்பான் வேண்டும். அதுவும் பூட்ஸுக்குப் பொருந்த வேண்டும். மடங்குகிற பூட்ஸில் விறைப்பான கிராம்பான் நடுவழியில் கழன்றுவிடும். பூட்ஸின் விறைப்புக்கு பி, அதற்குப் பொருந்தும் கிராம்பானுக்கு சி என்று தரம் உண்டு: குறைந்தது பி1 பூட்ஸ், அதற்கு சி1 கிராம்பான். உடற்பயிற்சியில் ஓட்டத்தைவிட, பத்துக் கிலோ பையோடு படி ஏறி இறங்குவது பலன் தரும். தொடை சோர்ந்துபோய் இறங்கும்போதுதான் கால் தவறுகிறது.

பனிச்சரிவு அபாயத்தைப் பற்றி ஸ்காட்லாந்து பனிச்சரிவுத் தகவல் சேவை குளிர்காலத்தில் தினமும் அறிக்கை போடுகிறது. பென் நெவிஸுக்கு லோகாபர் பகுதியைப் பாருங்கள். 30 முதல் 45 டிகிரி சரிவில்தான் பெரும்பாலும் சரியும், அதுவும் காற்று கொண்டுவந்து குவித்த பக்கத்தில். உச்சியில் மூட்டம் வந்தால் வானமும் தரையும் ஒரே வெள்ளை. வரைபடமும் காம்பஸும் அவசியம், குளிரில் போன் அணைந்துவிடும். இறங்கும்போது உச்சித் தூணிலிருந்து வரைபடக் கோணம் (வரைபடத்தின் வடக்கிலிருந்து அளப்பது) 231 டிகிரியில் 150 மீட்டர், பிறகு 282 டிகிரியில் நடக்க வேண்டும். முதல் கோணம் கார்டிலூ என்ற செங்குத்துப் பள்ளத்தில் விழாமல் காப்பாற்றும், இரண்டாவது ஐந்துவிரல் என்ற பள்ளத்தில் விழாமல். எண்களை மட்டும் எழுதிவைத்துக்கொண்டால் போதாது, அடி எண்ணி நடக்கப் பழகியிருக்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் வெளிச்சம் ஏறக்குறைய ஏழெட்டு மணி நேரம், அவ்வளவுதான்.

    

 ஜனவரியில் நேராக பென் நெவிஸ் வேண்டாம். ஒரு நாள் வகுப்பு, அப்புறம் அனுபவமுள்ள யாரோடாவது இரண்டு மூன்று சின்ன மலை, பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ வானிலை பார்த்துப் போகலாம். என்னுடைய பழைய கோடரி, 55 சென்டிமீட்டர், வீட்டில் சும்மாதான் கிடக்கிறது. கிளாஸ்கோ பக்கம் இருந்தால் கேளுங்கள், ரப்பர் உறையைக் கழற்றியே தருகிறேன்.