பாப்பாவுக்கு முகம் எப்போ பிடிபடும்? குழந்தைங்க மூளைய ஆராய்ச்சி பண்றவ நான், கேளுங்க, சொல்றேன்

கே: பொறந்து 4 நாள்தான் ஆச்சு, என் முகம் அவளுக்குத் தெரியுமா அக்கா?

தெரியும்மா, ஆனா கண்ணு மூக்க வச்சு இல்ல. 1995-ல பஸ்காலிஸ்னு ஒரு ஆராய்ச்சியாளரோட குழு இதே வயசுக் குழந்தைங்கள வச்சுப் பாத்தப்போ, வேற பொம்பளைய விட அம்மாவத்தான் ரொம்ப நேரம் பாத்துச்சுங்க, ரெண்டு பேருக்கும் தலைல துணி கட்டுனதும் அந்த வித்தியாசமே போயிடுச்சு. முடி, நெத்தி ஓரம், முகத்தோட வெளி வடிவம், இதத்தான் பிடிச்சுக்குதுங்க. பார்வையும் மடில போட்டுப் பால் குடுக்கற தூரம், ஒரு சாண் ஒன்றரை சாண் அவ்வளவுதான்.

கே: தலைக்கு ஊத்திட்டுத் துண்டோட தூக்குனா அழறான், இதனாலயா?

இருக்கலாம். பேசிக்கிட்டே தூக்குங்க, குரல் வயித்துல இருக்கும்போதே பழக்கம்.

கே: கண்ணுக்கு மை வைக்கலாமா?

என் துறை இல்லங்க, குழந்தை டாக்டரக் கேளுங்க.

கே: மூளைல நடக்கறத எப்படிக்கா பாக்கறீங்க?

இஇஜி-ன்னு சொல்வாங்க, மூளைல எழும்பற மின் அலையப் பதிவு பண்றது. அதுக்கு உப்புத் தண்ணில நனைச்ச ஸ்பாஞ்ச் வச்ச வலைத்தொப்பிய மாட்டி, அம்மா மடிலயே உக்கார வச்சு, அம்மா போட்டோவும் யாரோ ஒருத்தர் போட்டோவும் மாத்தி மாத்திக் காட்டுவோம், அம்மா வாயத் திறக்கக் கூடாது, பாதிக் குழந்தைங்க தொப்பியப் பிடிச்சு இழுத்துடும். அமெரிக்காவுல மினசோட்டால டி ஹான், நெல்சன்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க 1997-ல 6 மாசக் குழந்தைங்க கிட்ட இப்படிப் போட்டோ காட்டி அலையப் பாத்தாங்க. படம் வந்து அரை செகண்ட் வாக்குல தலையோட முன்பக்கம் என்சி-ன்னு ஒரு அலை எழும்பும், அது அம்மா முகத்துக்குப் பெருசா இருந்துச்சு.

கே: பாத்தீங்களா, தாய்ப்பாசம் மெஷின்லயே தெரியுது!

இல்லங்க, அந்த அலை காட்டறது குழந்தையோட கவனத்த. டி ஹானும் நெல்சனுமே 1999-ல குழந்தையோட சொந்த பொம்மையக் காட்டுனாங்க, புது பொம்மைய விட அதுக்கும் அலை பெருசு.

கே: பத்து மாசம் சுமந்தவளையும் பொம்மையையும் ஒண்ணா வைப்பீங்களா?

நான் வைக்கலங்க, அந்த அலை ரெண்டையும் பழகினதுன்னு எடுத்துக்குது. இன்னொண்ணும் கேளுங்க. 2003-ல கார்வர் குழு பாத்ததுல ஒன்றரை, ரெண்டு வயசு வரைக்கும் அம்மாவுக்குப் பெருசு, நாலு வயசு வாக்குல தெரியாதவங்களுக்குத்தான் பெருசு. அலைதான் பாசம்னா நாலு வயசுப் பிள்ளைக்கு அம்மா மேல பாசம் போயிடுச்சுன்னு ஆகும், அப்படி எந்தத் தாயையும் நான் நினைக்க விட மாட்டேன்.

கே: 3 மாசம், என்னப் பாத்து சிரிக்கல, இஇஜி எடுத்தா ஆட்டிசம் தெரியுமா?

இதே கேள்வி இது நாலாவது தடவ வருது. நான் சொல்றதெல்லாம் பல குழந்தைங்களோட சராசரி, ஒத்தக் குழந்தையோட அலைய வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, சொல்றேன்னு காசு கேட்டா குடுக்காதீங்க. 3 மாசத்துல சிரிப்பே வரலன்னா இந்த வாரமே குழந்தை டாக்டர்கிட்ட காட்டுங்க.

கே: துபாய்ல இருக்கேன், மார்ச்ல வரேன், பையன் அப்ப 9 மாசம், என்கிட்ட வருவானா?

முதல்ல அழுவான் தம்பி. 9 மாசத்துல புது ஆளுன்னாலே பயம்தான், உடனே கைய நீட்டாதீங்க. அம்மா மடில இருக்கட்டும், நீங்க பக்கத்துல தரைல உக்காந்து பேசுங்க, மீசைய இப்ப எப்படி வச்சிருக்கீங்களோ அப்படியே இருக்கட்டும், வீடியோ கால்ல அவன் பாக்கறது அந்த முகத்தத்தான்.