வேட்டியில் பச்சை, முகத்தில் சிவப்பு: படத்தின் ஒரு பகுதியில் மட்டும் ஏறிய நிறத்தை நீக்குவது எப்படி?

புகைப்படத்தின் ஒரு பகுதியில் மட்டும் வேண்டாத நிறம் படிந்திருப்பது குறித்து உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கான விடைகள் இவை. ஒரே பொருளைப் பற்றிய கேள்விகளைச் சேர்த்தே விடையளித்திருக்கிறேன்.

கேள்வி: புல்வெளியில் எடுத்த திருமணப் படத்தில் மணமகனின் பட்டு வேட்டி முழங்காலுக்குக் கீழே பச்சை அடிக்கிறது. ஒயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி படத்தின் நிறங்களைச் சமன்செய்யும் அமைப்பை) மாற்றினால் வேட்டி வெளுக்கிறது. ஆனால் முகம் மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) நிறத்துக்குப் போய்விடுகிறது. என்ன செய்யலாம், ஐயா?

ஒயிட் பேலன்ஸ் படம் முழுவதிலும் ஒரே வகை ஒளி விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு வேலை செய்கிறது. உங்கள் படத்தில் அப்படி இல்லை. மணமகனின் முகத்திலும் தோளிலும் வானத்தின் ஒளி விழுகிறது. வேட்டியின் கீழ்ப்பகுதியிலோ புல்லில் பட்டுத் திரும்பிய பச்சை ஒளியும் சேர்ந்து விழுகிறது. ஆகவே முகத்துக்குப் பொருந்தும்படி ஒயிட் பேலன்ஸை முதலில் முடித்துவிட்டு, பிறகு வேட்டியைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

ஃபோட்டோஷாப்பில் ஒரு கர்வ்ஸ் அட்ஜஸ்ட்மென்ட் லேயரை, அதாவது வளைவுக் கோட்டால் நிறத்தைத் திருத்தும் அடுக்கைச் சேர்த்து, அதன் மாஸ்க்கைக் கருப்பால் நிரப்பிவிடுங்கள். மாஸ்க்கில் வெள்ளை உள்ள இடத்தில் திருத்தம் தெரியும், கருப்பு உள்ள இடத்தில் தெரியாது. நிறத்தை அளக்கும் ஐட்ராப்பர் கருவியின் அளவை 5க்கு 5 பிக்சல் சராசரி என்று வைத்துக்கொண்டு, வேட்டியில் பச்சை ஏறாத மேற்பகுதியையும் பச்சை ஏறிய கீழ்ப்பகுதியையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, 0 முதல் 255 வரையுள்ள அளவில், மேலே சிவப்பு 214, பச்சை 212, நீலம் 207 என்றும், கீழே 184, 197, 178 என்றும் வருவதாகக் கொள்வோம். மூன்று எண்களையும் சமமாக்குவது நம் நோக்கமன்று. பட்டு வேட்டிக்கு இயல்பாகவே சற்று மஞ்சள் கலந்த வெண்மை உண்டு. மூன்றையும் சமமாக்கினால் அது காகிதம் போலச் செத்துவிடும். மேற்பகுதியில் அந்த மூன்று எண்களுக்கும் உள்ள உறவைக் கீழ்ப்பகுதியிலும் கொண்டுவந்தால் போதும். இங்கே பச்சை சேனலின் (படத்தின் பச்சை அளவை மட்டும் தாங்கிய பகுதியின்) வளைவை மட்டும் இறக்கி 197ஐ 183 அளவுக்குக் கொண்டுவந்தாலே அந்த உறவு அமைந்துவிடுகிறது.

ஆனால் பச்சையைக் குறைத்தால் அந்த இடம் இருண்டும் போகும். நம் கண் உணரும் வெளிச்சத்தில் பாதிக்கு மேல் பச்சை சேனலிலிருந்தே வருகிறது. அந்த லேயரின் பிளென்ட் மோடை (கீழ் லேயரோடு கலக்கும் முறையை) ‘கலர்’ என்று மாற்றினால், நிறம் மட்டும் மாறி, அடியில் உள்ள படத்தின் வெளிச்சம் அப்படியே நிற்கும். பலரும் தவறவிடும் படி இதுதான்.

பிறகு மென்மையான வெள்ளைத் தூரிகையால் மாஸ்க்கின் மேல் வரைய வேண்டும். புல்லுக்கு அருகில் பச்சை அதிகமாகவும், மேலே போகப்போகக் குறைவாகவும் இருக்கும் என்பதால், மாஸ்க்கும் கீழே வெள்ளையாகத் தொடங்கி முழங்காலுக்குள் கருப்பாகக் கரைய வேண்டும். மடிப்புகளைப் பெரிதாக்கிப் பார்த்தால், தரையை நோக்கிய பக்கங்களில் பச்சை கூடியும் வானத்தை நோக்கிய பக்கங்களில் அநேகமாக இல்லாமலும் இருப்பது தெரியும். அங்கெல்லாம் தூரிகையின் அடர்த்தியை அதற்கேற்பக் கூட்டிக் குறையுங்கள். கடைசியாக லேயரின் ஒப்பாசிட்டியை (அடர்த்தியை) 80 விழுக்காட்டுக்குக் குறைத்துப் பாருங்கள். புல்மேல் நிற்பவரின் உடையில் துளிப் பச்சைகூட இல்லாவிட்டால், அவரை வேறு படத்திலிருந்து வெட்டி ஒட்டியது போன்ற தோற்றம் வந்துவிடுகிறது.

கேள்வி: அப்படிச் செய்தும் வேட்டியின் ஓரத்தில் மெஜந்தா கோடு ஒன்று தெரிகிறது.

மாஸ்க் வேட்டியைத் தாண்டிப் புல்லின் மேல் வழிந்திருக்கிறது. வேட்டியும் புல்லும் சந்திக்கும் விளிம்பில் கடினமான தூரிகையையும், வேட்டிக்குள்ளே மென்மையான தூரிகையையும் பயன்படுத்துங்கள். மாஸ்க் முழுவதற்கும் ஒரே ஃபெதர் அளவு (விளிம்பை மென்மையாக்கும் அளவு) வைப்பது இத்தகைய படங்களுக்குப் பொருந்தாது.

கேள்வி: எண்களைப் பார்த்துத்தான் திருத்த வேண்டுமா? கண்ணால் பார்த்துச் செய்யக்கூடாதா?

இறுதி முடிவைக் கண்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு நிறச்சாயலைச் சிறிது நேரம் தொடர்ந்து பார்த்தால் கண் அதற்குப் பழகி, அதையே வெண்மை என்று ஏற்றுக்கொண்டுவிடும். எண்களுக்கு அந்தப் பழக்கம் வருவதில்லை. எண்களால் திருத்தி, சற்று நேரம் திரையை விட்டு விலகியிருந்து, திரும்பி வந்து கண்ணால் முடிவு செய்யுங்கள்.

கேள்வி: சிவப்புத் துணிப் பந்தலின் கீழ், பகல் வெயிலில் எடுத்த படங்களில் எல்லா முகங்களும் சிவந்திருக்கின்றன. தோலின் உண்மையான நிறத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

எந்த மனிதரின் தோலானாலும், மாநிறமோ கருப்போ சிவப்போ, நடுநிலையான ஒளியில் சிவப்பு எண் பெரிதாகவும் பச்சை அடுத்ததாகவும் நீலம் சிறிதாகவும் இருக்கும். பச்சை அல்லது நீலச் சாயல் ஏறினால் இந்த வரிசை கலைவதை வைத்துக் கண்டுகொள்ளலாம். சிவப்புச் சாயலிலோ வரிசை மாறுவதில்லை, இடைவெளிதான் விரிகிறது. அதனால் முகத்தை மட்டும் அளந்து பயனில்லை. அதே பந்தலின் கீழ் இருக்கும் வெள்ளைச் சட்டை, எவர்சில்வர் குடம், பந்தற்காலில் கட்டிய வெள்ளைத் துணி ஆகியவற்றில் ஒன்றை அளந்து, அதில் எவ்வளவு சிவப்பு மிகுந்திருக்கிறதோ அந்த அளவையே முகங்களிலும் குறையுங்கள். எவர்சில்வர் சுற்றியுள்ள நிறங்களையும் பிரதிபலிக்கும் என்பதால், துணி கிடைத்தால் துணியையே நம்புங்கள். பந்தலின் ஓரத்தில், வெயில் நேராகப் படும் இடத்தில் அதே நபர் நிற்கும் இன்னொரு படம் இருந்தால் அதைவிடச் சிறந்த சான்று வேறில்லை.

இங்கே ஒன்றை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். நலங்கில் பூசிய மஞ்சள், நெற்றியின் குங்குமம், கையின் மருதாணி ஆகியவை ஒளியால் ஏறிய நிறங்கள் அல்ல. அந்த நாளில் அந்த மனிதர்மேல் உண்மையாகவே இருந்தவை. மஞ்சள் பூசிய கன்னத்தை ‘சரியான தோல் நிறத்துக்கு’ மாற்றித் தரும் ஆல்பங்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. சாயலை நீக்கிய பின், மாஸ்க்கில் அந்த இடங்களைக் கருப்புத் தூரிகையால் பாதியளவாவது மீட்டுவிடுங்கள்.

கேள்வி: குடும்பப் படத்தில் ஒரு பக்கம் ஜன்னல் வெளிச்சம், மறுபக்கம் மஞ்சள் பல்பு. எதைச் சரிசெய்தாலும் மற்றது கெடுகிறது.

ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் அளப்பார்கள்; எண் கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள். பகல் வெளிச்சம் ஏறக்குறைய 5500 கெல்வின். பழைய இழை பல்பு 2700 முதல் 3000 கெல்வின் வரை. ரா கோப்பு (கேமரா பதிந்த மூலத் தரவுக் கோப்பு) இருந்தால் லைட்ரூமிலோ கேமரா ராவிலோ ஒயிட் பேலன்ஸை ஜன்னல் பக்கத்துக்குப் பொருத்திவிட்டு, பல்புப் பக்கத்தில் லீனியர் கிரேடியன்ட் மாஸ்க் ஒன்றை இழுத்து, டெம்பரேச்சர் ஸ்லைடரை நீலத்தின் பக்கம் நகர்த்துங்கள். முழுவதும் நடுநிலையாக்காமல் ஒரு வெதுவெதுப்பை விட்டுவைத்தால், அறையில் விளக்கு எரிந்தது பார்ப்பவருக்குப் புரியும். ஜேபெக் கோப்பில் சேனலுக்கு 256 படிகள் மட்டுமே இருப்பதால், இவ்வளவு பெரிய மாற்றத்தில் சுவர்ப்பகுதி பட்டை பட்டையாகப் பிரியக்கூடும். இனி எடுக்கும்போது பல்பை அணைத்துவிடுவதே எளிய வழி.

கேள்வி: மேடை எல்இடி விளக்கால் பாடகரின் முகம் முழு நீலமாகிவிட்டது. மீட்க முடியுமா?

சேனல்களை ஒவ்வொன்றாகக் கருப்பு வெள்ளையில் திறந்து பாருங்கள். சிவப்பு சேனலில் முகம் அடையாளம் தெரியும் அளவுக்கு இருந்தால் ஓரளவு மீட்கலாம். அது வெறும் கருப்பாக இருந்தால் முடியாது. அந்த விளக்கில் சிவப்பு ஒளியே இல்லாததால் கேமராவில் பதிவாக எதுவும் வரவில்லை, ஸ்லைடரை ஏற்றினால் புள்ளிப் புள்ளியாக இரைச்சல்தான் வரும். நன்றாகப் பதிந்த ஒரு சேனலை எடுத்துக் கருப்பு வெள்ளைப் படமாக்குங்கள்.

கேள்வி: ஃபோட்டோஷாப் வாங்க வசதியில்லை. இலவச மென்பொருளில் இவை முடியுமா?

கிம்ப்பில் தாராளமாக முடியும். படத்தின் லேயரை நகலெடுத்து, நகலில் கர்வ்ஸ் கொண்டு நிறத்தைத் திருத்தி, கருப்பு லேயர் மாஸ்க் சேர்த்து, வேண்டிய இடத்தில் வெள்ளையால் வரைந்து, லேயர் மோடை ‘எச்எஸ்எல் கலர்’ என்று வையுங்கள். 2018இல் வெளிவந்த 2.10 பதிப்பிலிருந்து கிம்ப் சேனலுக்கு 8 பிட்டுக்கு (256 படிகளுக்கு) மேற்பட்ட கோப்புகளையும் கையாள்கிறது.

கேள்வி: தாத்தாவின் பழைய கருப்பு வெள்ளைப் படத்தை வண்ணத்தில் ஸ்கேன் செய்தேன். ஒரு மூலையில் செலோடேப் ஒட்டிய மஞ்சள் கறை முகம் வரை வந்திருக்கிறது.

வண்ணத்தில் ஸ்கேன் செய்தது நல்லதாயிற்று. மஞ்சள் கறை நீல ஒளியை விழுங்குகிறது. சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. எனவே நீல சேனலில் கறை கரியாகத் தெரியும். சிவப்பு சேனலில் அநேகமாகத் தெரியவே தெரியாது. சிவப்பு சேனலை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிட்டால், தூரிகையைத் தொடாமலேயே பெரும்பகுதி போய்விடும். டேப்பின் விளிம்பில் மிஞ்சும் மெல்லிய கோட்டை மட்டும் ஹீலிங் தூரிகையால் எடுங்கள். படத்தின் பழுப்புச் சாயல் வேண்டுமென்றால், கறை படாத இடத்திலிருந்து அந்த நிறத்தை ஐட்ராப்பரால் எடுத்து, ஒரு சாலிட் கலர் லேயராக ‘கலர்’ மோடில் மேலே வையுங்கள். வேலையைத் தொடங்கும் முன் மூல ஸ்கேனைத் தனியே சேமித்துவிடுங்கள். அசல் படத்தில் ஒட்டியிருக்கும் டேப்பைக் கையால் உரிக்க வேண்டாம், அதனோடு முகமும் பெயர்ந்து வரக்கூடும்.