ஸ்கேன் நார்மல், பயம் மட்டும் போகவில்லை!

கேள்வி: எனக்கு இது 6-வது மாதம். முதல் கர்ப்பம் 10-வது வாரத்தில் கலைந்துவிட்டது. இப்போது ஸ்கேன் நார்மல்தான். ஆனாலும் ராத்திரி முழுக்கப் பயம், தூக்கமில்லை. 'அழுதால் குழந்தைக்கு ஆகாது' என்கிறார் மாமியார். மாத்திரை இல்லாமல் சரியாகுமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: தாராளமாக அழலாம், அழுகையால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. மாத்திரையில்லாத சிகிச்சையும் இருக்கிறது. பயமூட்டும் நினைப்பைச் சோதித்து மாற்றக் கற்றுத்தரும் பேச்சு சிகிச்சை அது. 'சிபிடி' என்பார்கள். வாரம் ஒரு அமர்வு வீதம் இரண்டு, மூன்று மாதம் போகவேண்டியிருக்கும்.

வீட்டில் தொடங்க ஒரு நோட்டு போதும். பயம் வந்ததும் எழுதுங்கள்: என்ன நடந்தது, மனதில் என்ன ஓடியது, பயம் பத்துக்கு எத்தனை. அடுத்து, அந்த நினைப்புக்கு எதிரான சான்று. பலர் சறுக்குவது இங்கேதான். 'எல்லாம் நல்லபடியா நடக்கும்' என்று எழுதினால் மனசு நம்பாது. 'போன ஸ்கேனில் இதயத்துடிப்பு சரியாக இருந்தது' என்று எழுதுங்கள். மறுபடி மதிப்பெண் போடுங்கள். 8 என்பது 6 ஆனாலே வெற்றிதான். முதல் வாரம் பயம் கூடினதுபோல் தோன்றலாம், நோட்டை மூடிவிடாதீர்கள்.

கவலைக்கென்று மாலையில் 15 நிமிடம் ஒதுக்குங்கள். ராத்திரி வரும் கவலையை ஒரு வரி குறித்து, நாளை மாலைக்குத் தள்ளுங்கள். போனில் தேடுவதும், கணவரிடம் 'ஒண்ணும் ஆகாதுல்ல?' என்று திரும்பத் திரும்பக் கேட்பதும் அப்போதைக்குத்தான் ஆறுதல். அரை மணியில் பயம் திரும்பும். நாளுக்கு எத்தனை முறை என்று எண்ணி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். ஆனால் குழந்தையின் அசைவு குறைந்தால் நோட்டைத் தேடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மூச்சுப் பயிற்சியை இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்துச் செய்யுங்கள். நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள், அடக்க வேண்டாம். தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அவற்றின் கோளாறும் இப்படிப் படுத்தும்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வைக் கண்டறிய எடின்பரோ அளவுகோல் என்ற 10 கேள்விப் பட்டியலைக் கொடுப்பார்கள். மொத்தம் 30 மதிப்பெண். 13-ஐத் தொட்டால் மனநல டாக்டரைப் பார்ப்பது அவசியம். உயிரை விடும் எண்ணம் வந்தால் மதிப்பெண் பார்க்காமல் உடனே வீட்டாரிடம் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-இல் 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம்.

கேள்வி: மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டுவந்தேன். கர்ப்பம் என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டேன். சரிதானே?
- வாசகி, ஈரோடு

பதில்: இல்லை. சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், படபடப்பு வரலாம், நோயும் திரும்பலாம். கர்ப்பத்தில் தொடரக்கூடிய மாத்திரைகள் உண்டு. மனநிலையைச் சீராக்கத் தரும் வால்ப்ரோயேட் போல மாற்றியே ஆகவேண்டியவையும் உண்டு. உங்களுடையது எது என்று, சீட்டை எடுத்துக்கொண்டு இந்த வாரமே எழுதிக்கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள்.